இரண்டாவது டிக்

ஜூன் 7, சனி

தங்கச்சிக்கு,

அவசரம் என்றால் மட்டும் இந்த மின்னஞ்சலுக்கு எழுது, ஊர் பெயர், தெரு, வேலை என்று ஒரு கேள்வியும் கேட்காதே என்று சொல்லியிருந்தாய். இது அவசரம் இல்லை. ஆனால் இந்த வாரம் நான் பட்ட பாட்டை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் அண்ணியிடம் ஆரம்பித்தேன். "உங்க கம்ப்யூட்டர் கதையெல்லாம் ஆபீஸோட வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அலமாரியை அடுக்கப் போய்விட்டாள். அதனால் நீ மாட்டிக்கொண்டாய்.

எங்கள் கம்பெனி பள்ளிக்கூடங்களுக்கு ஆப் செய்கிறது என்பது உனக்குத் தெரியும். குழந்தை பஸ் ஏறினால், இறங்கினால் பெற்றோரின் போனுக்குச் செய்தி போகும். எல்லாக் குழந்தைகளின் விவரமும் கிளவுடில் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஓர் ஆவணம். எந்த வகுப்பு, எந்த பஸ், எந்த நிறுத்தம், செய்தி யார் யார் எண்ணுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அதற்குள். அதைப் பாதுகாப்பதுதான் என் பிழைப்பு.

திங்கட்கிழமை எங்கள் குழுத் தலைவி சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை, ஒரு சின்ன நிரலை, ஓடவிட்டார். படிப்பை முடித்துப் போன பிள்ளைகளின் பழைய விவரங்களை நீக்குவதுதான் அதன் வேலை. ஒரே ஒரு நிபந்தனை தப்பாகிவிட்டது. அது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் ஆவணங்களிலிருந்தும் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் சத்தமில்லாமல் தின்ன ஆரம்பித்தது. வியாழக்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது: "சார், எங்க ரெண்டாம் வகுப்பையே காணோம்!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினமும் பேக்கப், அதாவது முழு நகல், எடுக்கிறோம்தான். ஆனால் திங்கள், செவ்வாய், புதன் எடுத்ததெல்லாம் ஓட்டை விழுந்த பிறகு எடுத்தது. ஓட்டைச் சட்டையைப் பார்த்துத் தைத்தால் ஓட்டையோடுதானே வரும். ஞாயிற்றுக்கிழமை பேக்கப் மட்டும்தான் முழுசு. அதை அப்படியே மீட்டால், இந்த வாரம் புதிதாகச் சேர்ந்ததெல்லாம் போய்விடும். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு நகம் கடித்தார். அவர் நகம் கடித்து நான் பார்த்ததே இல்லை.

நல்ல வேளை, எங்கள் டேட்டாபேஸில் பேக்கப்பை மீட்டால் அது பழையதன் மேல் போய் உட்காராது. பக்கத்திலேயே தனியாகப் புது டேட்டாபேஸாகத் திறக்கும். ஆக, ஞாயிற்றுக்கிழமையின் முழு டேட்டாபேஸ் ஒரு பக்கம், இன்றைய ஓட்டை டேட்டாபேஸ் ஒரு பக்கம். இரண்டையும் ஒப்பிட நான் ஒரு விதி எழுதினேன். இன்றையதில் ஏதாவது இருந்தால் இன்றையது நிற்கட்டும். இன்றையதில் காலியாக இருந்து, ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏதாவது இருந்திருந்தால், அதைக் கொண்டுவந்து வை. அவ்வளவுதான். இதற்கு மேல் எளிமையாக யாராலும் எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் நிரம்பிவிட்டது. ஒரு காலி இடம்கூட விடவில்லை. மேனேஜர் முதுகில் தட்டினார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

என் மருமகள் வாலு எப்படி இருக்கிறாள்? அதையாவது கேட்கலாம் இல்லையா? மாப்பிள்ளை இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

அண்ணன்

ஜூன் 10, செவ்வாய்

அண்ணா,

முதலில் ஒன்று. அந்த ஆளை மாப்பிள்ளை என்று இனி எழுதாதே.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில்தான் படித்தேன். வேலை செய்யும் இடத்தில் முன் மேசைக் கம்ப்யூட்டரை முதலாளி வெளியே போகும்போது மட்டும் தொடவிடுவார். அதனால் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் பார்க்க முடியும், சில நாள் அதுவும் இல்லை. நாள் முழுக்க விரிப்புகள், நீராவி, பெரிய இஸ்திரி இயந்திரம். உள்ளங்கை ரேகையே வெந்துவிட்டது. ஆனால் யாரும் என் பின்னால் வந்து நின்று "யாருக்குப் போன்?" என்று கேட்பதில்லை. அது போதும்.

நீ பெருமை அடித்துக்கொண்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாலுவின் புதுப் பள்ளியிலும் உன் கம்பெனி ஆப்தான். அந்த மஞ்சள் ஆப் சின்னத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவளுடைய ஆவணத்தைப் பழைய பள்ளியிலிருந்து அப்படியே இங்கே மாற்றியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால், அப்பா என்ற இடத்தில் அந்த ஆளின் எண்! பள்ளி திறக்கும் முன்னே பார்த்துவிட்டதால் பிழைத்தேன். போன செவ்வாய்க்கிழமை நேரே அலுவலகத்தில் போய் நின்றேன். அங்கே ஒரு அம்மா இருக்கிறார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே கண்ணாடியைத் தேடுபவர். அவரிடம் எல்லாவற்றையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இந்த நம்பர் வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க பொண்ணு, உங்க முடிவு. நான் எதுக்கும்மா காரணம் கேக்கணும்?" என்று சொல்லி என் கண் முன்னாலேயே எடுத்துவிட்டார். எந்த ஆம்பிளை போன் செய்து கேட்டாலும் ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். "வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

புதன்கிழமை பள்ளி திறந்தது. வாலு பஸ்ஸில் போகிறாள், என் வேலை இடத்துக்கு எதிரிலேயே நிறுத்தம். சாயங்காலம் இறங்கி நேரே என்னிடம் ஓடிவருவாள். முன் பல் ஒன்று விழுந்துவிட்டது. இப்போது அந்தச் சந்து வழியாகத்தான் விசில் ஊதுகிறாள்.

இன்னமும் செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன். அது போக நாளாகும். ஆனாலும் அந்த பஸ் செய்தி வரும்போது மனசின் பாரம் கொஞ்சம் இறங்கும். "ஏறினாள்" என்று வரும், கீழே பச்சை நிறத்தில் ஒரு டிக். நேற்றிலிருந்து இரண்டு டிக் வருகிறது. மீட்டெடுத்த கையோடு ஆப்பை அலங்காரமும் செய்துவிட்டீர்கள் போல.

தங்கை

ஜூன் 10, செவ்வாய், பிற்பகல்

தங்கச்சி,

இதைப் படித்த உடனே எழுந்து போ. வாலுவை பஸ்ஸில் ஏற்றாதே. அந்த நிறுத்தத்துக்குப் போகவே போகாதே.

அது அலங்காரம் இல்லை. ஒரு டிக் என்றால் செய்தி ஒருவருக்குப் போயிருக்கிறது என்று பொருள். இரண்டு டிக் என்றால் இருவருக்கு.

உன் ஊரைத் தேட மாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கை மீறி வாலுவின் ஆவணத்தைத் திறந்தேன். வேறு வழி இல்லை. அப்பா என்ற இடத்தில் அந்த ஆளின் எண் உட்கார்ந்திருக்கிறது. அதை நான்தான் உட்கார வைத்தேன். நீ செவ்வாய்க்கிழமை நீக்கினாய். ஞாயிற்றுக்கிழமை பேக்கப்பில் அது இருந்தது. இன்று காலி, அன்று இருந்தது, அப்படியானால் தொலைந்துபோனது, கொண்டுவந்து வை. என் விதி அதைத்தானே சொன்னது? நீ பயந்து பயந்து காலி செய்த இடமும் ஸ்கிரிப்ட் தின்ற இடமும் அதற்கு ஒன்றுதான். அதை எழுதும்போது ஒருவர் வேண்டுமென்றே எதையாவது எடுத்திருப்பார் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

எண்ணை எடுத்துவிட்டேன். இனிச் செய்தி போகாது. ஆனால் நேற்றும் இன்று காலையும் போயிருக்கிறது. பள்ளியின் பெயர், பஸ் எண், நிறுத்தத்தின் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம், எல்லாம். திறந்து படித்ததாகவும் பதிவாகியிருக்கிறது.

நீ இதை நாளை மதியம்தான் பார்ப்பாய். உன் போன் எண்ணாவது கொடுத்திருக்கக் கூடாதா? ஆவணத்தில் உன் எண் இருக்கிறது, கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். உன் புதுப் போனில் என் எண் இல்லை போல, தெரியாத எண் என்று நீ எடுக்கவில்லை.

அண்ணன்

ஜூன் 11, புதன்

தங்கச்சி,

இன்னும் பதில் இல்லை. உன் போன் இப்போது அணைந்தே கிடக்கிறது. நீ பார்த்தாயா இல்லையா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

காலையில் பள்ளிக்குப் போன் செய்தேன். நீ சொன்ன அந்த அம்மாதான் எடுத்தார். குழந்தையின் மாமா பேசுகிறேன், அவளை இன்று பஸ்ஸில் அனுப்பாதீர்கள், அவள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"மாமான்னு யாரும் எங்க பதிவுல இல்லையே" என்றார்.

"இல்லைதாம்மா. ஆனா நான் சொல்றது உயிர் போற விஷயம். அவங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க."

"எந்தப் பிள்ளையைப் பத்தியும் நான் போன்ல பேச மாட்டேன்." வைத்துவிடுவார் என்று நினைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நேத்தும் ஒருத்தர் இப்படித்தான் பேசினார். அப்பான்னு சொன்னார். ரொம்ப மரியாதையாப் பேசினார்" என்றார்.

நான் மறுபடி பேசுவதற்குள் போனை வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னபடி வாயைத் திறக்காமல் இருந்தார். அந்த ஆளையும் என்னையும் அவர் ஒரே தட்டில் வைத்ததுதான் என்னவோ செய்கிறது.

போலீஸுக்கும் சொன்னேன். "இன்னும் எதுவும் நடக்கலையே சார்" என்று எழுதி மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு மேனேஜரிடம் போனேன். இந்த விதியால் உன்னைப் போல இன்னும் எத்தனை பேர் நீக்கிய எண்கள் திரும்பி வந்திருக்குமோ, எல்லாச் செய்திகளையும் இப்போதே நிறுத்த வேண்டும் என்றேன்.

"எல்லாம் சரியாயிடுச்சுன்னு எல்லாப் பள்ளிக்கும் நேத்துதானேப்பா எழுதினோம்? இப்ப நிறுத்தினா என்ன நினைப்பாங்க?"

"நிறுத்தலேன்னா ஒரு பிள்ளை போயிடும் சார்."

"ஒரு மீட்டிங் போட்டுப் பேசலாம்."

அவர் மீட்டிங்குக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது நான் என் இடத்துக்கு வந்து எல்லாச் செய்திகளையும் நிறுத்திவிட்டேன். வேலை போனாலும் போகட்டும். இப்போது ஆபீஸ் முழுக்கப் போன் அடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். ஒரு எழுத்து போட்டு அனுப்பு. அது போதும்.

அண்ணன்

ஜூன் 13, வெள்ளி

அண்ணா,

வாலு என்னோடு இருக்கிறாள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் அழமாட்டேன்.

உன் இரண்டு கடிதங்களையும் இன்றுதான் பார்த்தேன். புதன்கிழமை முதலாளி மேசையை விட்டு எழவே இல்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வந்ததும் அந்த ஆள்தான் என்று நினைத்துப் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். நீ கூப்பிட்டது என்னைக் காப்பாற்ற. எனக்குக் கேட்டதோ வேட்டை நாய்ச் சத்தம்.

காப்பாற்றியது அந்த அலுவலக அம்மா. நீ பேசிய பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லையாம். முதல் நாள் வந்த போனைப் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாவது ஆளும் பேசியதும் கண்ணாடியை மறந்துவிட்டு வெயிலில் நடந்தே என் கடைக்கு வந்தார். இயந்திரச் சத்தத்தில் என் காதில் கத்தினார்: "ரெண்டு ஆம்பிளைங்க கேட்டுட்டாங்கம்மா. ஒருத்தர் கூட்டிட்டுப் போக அவசரப்படறார், ஒருத்தர் அனுப்பாதேன்னு அவசரப்படறார். எனக்கு எதுவும் புரியல. நீ வந்து புள்ளைய கூட்டிக்கோ."

பள்ளியின் பின் வாசல் வழியாக வாலுவைக் கூட்டிவந்தேன். மாடியில்தான் எங்கள் அறை, ஆனால் மாடிப்படி தெருவைப் பார்த்து இருக்கிறது. அதனால் துணிக்கூடத்துக்குள்ளேயே ஒரு தள்ளுவண்டியில் அவளை உட்கார வைத்து, துவைத்த விரிப்புகளைப் போட்டு மூடினேன்.

"ஒளிஞ்சு புடிச்சு விளையாட்டாம்மா?"

"ஆமா. சத்தம் போடக் கூடாது."

"யாரு தேடறா?"

இன்னொரு விரிப்பை எடுத்து மேலே போட்டேன், அண்ணா.

சாயங்காலம் பஸ் வரும் வேளையில் தொங்கவிட்ட விரிப்புகளின் நடுவிலிருந்து பார்த்தேன். நிறுத்தத்தில் நின்றிருந்தான். கையில் ஒரு பொம்மை, பிளாஸ்டிக் உறையோடு. தலையை நன்றாக வாரியிருந்தான். அவன் நல்லவனாக நடிக்கும் நாட்களில் அப்படித்தான் வாருவான். பஸ் வந்தது. இறங்கிய ஒவ்வொரு பிள்ளையையும் குனிந்து பார்த்தான். பஸ்ஸுக்குள்ளேயும் தலையை நீட்டிப் பார்த்தான். பஸ் போன பிறகும் நகரவில்லை. பிறகு தெருவைக் கடந்து எங்கள் கடைக்கே வந்தான்.

நான் இஸ்திரி இயந்திரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தேன். நீராவி முகத்தில் அடித்தது. முகத்தைத் திருப்பினால் சத்தம் வருமோ என்று திருப்பவில்லை. முதலாளியிடம் பேசினான்.

"இந்த ஸ்டாப்ல ஒரு சின்னப் பொண்ணு இறங்குமே, பாத்திருக்கீங்களா? என் பொண்ணுங்க."

முதலாளிக்கு யாரோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசப் பிடிக்காது. என்னிடமும் அப்படித்தான். அவரை நான் எத்தனை நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். "துணி இருந்தா குடுங்க. இல்லேன்னா வழிய விடுங்க" என்றார்.

அவன் சிரித்தான். பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் வைத்தான். "இஸ்திரி போட்டு வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்." அந்த வெளிர் நீலச் சட்டை. அதன் மேல் பொத்தானைத் தைத்தது நான். முதலாளி சீட்டுப் போட்டு, வழக்கம்போல என் அடுக்கிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் இருப்பது தெரிந்து அந்த ஆள் அதைக் கொடுத்தானா, சும்மா கொடுத்தானா? இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் கொல்கிறது.

விடிந்ததும் கிளம்பிவிட்டோம். அலுவலக அம்மாவிடம் சொல்லி வாலுவின் ஆவணத்தையே உங்கள் ஆப்பிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். எங்கிருந்து எழுதுகிறேன் என்று கேட்காதே.

இப்போது ஒன்று சொல்கிறேன், வாங்கிக்கொள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒற்றைப் பையோடு உன் வீட்டுக்கு வந்தேன். நீ அவனிடம் பேசினாய். அவன் உன்னிடம் அழுதான். நீயே உன் காரில் என்னையும் வாலுவையும் ஏற்றிக் கொண்டுபோய் அந்த வீட்டில் விட்டாய். "எல்லாம் பழையபடி ஆயிடும்மா" என்றாய். பழையபடிதான் ஆனது, அண்ணா. இப்போது இரண்டாவது தடவையாக நான் தூக்கி எறிந்ததை எடுத்துவந்து என் வீட்டுக்குள் வைத்திருக்கிறாய். நீ கெட்டவன் இல்லை. காலியாக எதைப் பார்த்தாலும் உன் கை சும்மா இருக்காது.

நீ வாலுவின் பள்ளிப் பெயரைப் பார்த்துவிட்டாய். நல்லதுக்குத்தான் பார்த்தாய். ஆனாலும் உனக்குத் தெரிந்த ஊரில் நான் இருக்க முடியாது. இனி நீ தேடக் கூடாது. எங்காவது நிலைத்த பிறகு உனக்கு ஒரு காலி மின்னஞ்சல் அனுப்புவேன். ஒரு சொல்லும் இருக்காது. நலமாக இருக்கிறோம் என்று புரிந்துகொள். அதற்குப் பிறகு சில நாளில் இந்த முகவரியையும் மூடிவிடுவேன்.

தங்கை

ஜூன் 16, திங்கள்

தங்கச்சி,

மன்னித்துவிடு என்று எழுதி அழித்தேன். அது நீ கேட்டது இல்லை.

ஆனால் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று அந்த ஆள் என் வீட்டுக்கு வந்தான்.

உன் அண்ணி கதவைத் திறந்தாள். கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். காபி கேட்டு வாங்கிக் குடித்தான். வெளிர் நீலச் சட்டை, மடிப்புக் கலையாத இஸ்திரி. உன் கடிதத்தைப் படித்திருந்த என்னால் அந்தச் சட்டையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவனும் அதைக் கவனித்தான் என்று நினைக்கிறேன். காலரை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டான்.

"உங்க கம்பெனி நல்லா வேலை செய்யுது மச்சான்" என்றான். "கரெக்டா மெசேஜ் வந்துது. அப்புறம் ஏன் நின்னு போச்சு?"

"தெரியலை."

"தெரியாததா? உங்க கையில இல்லாததா? ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை. என் பொண்ணைப் பாக்கணும்னு கேக்கறேன், தப்பா?" எழுந்திருக்கும்போது என் தோளில் கையை வைத்தான். "அவ எங்க போனாலும் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் வேணும்ல மச்சான்? பள்ளிக்கூடம்னா உங்க ஆப் இருக்கும்."

அவன் போன பிறகு உன் அண்ணி எல்லா ஜன்னலையும் சாத்தினாள். டம்ளரைக் கழுவாமல் குப்பையில் போட்டாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். பயம் அவன் சொன்னதில் இல்லை, தங்கச்சி. அவன் சொன்னது உண்மை. எனக்கு ஒரு நிமிஷ வேலைதான். அவன் உன் அண்ணியின் கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டால் நான் பார்த்துச் சொல்லிவிடுவேனோ என்று என்னை நினைத்தே பயந்தேன்.

அதனால் இன்று காலையில் மேனேஜரிடம் போய், குழந்தைகளின் ஆவணங்களைத் திறந்து பார்க்கும் அனுமதியை என்னிடமிருந்து எடுத்துவிடச் சொன்னேன். செய்தியை நிறுத்தியதற்காக என்னைக் கடித்துக் குதறக் காத்திருந்த மனிதர் அப்போதே எடுத்துவிட்டார். உன்னைப் போல அந்த வாரம் எண்ணை நீக்கியவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். குழுத் தலைவி ஒவ்வொரு பள்ளிக்கும் தானே போன் செய்து சரிபார்த்த பிறகுதான் மேனேஜருக்கு விஷயத்தின் கனம் உறைத்தது. இனி யாராவது ஒரு எண்ணை நீக்கினால் அந்த இடம் வெறுமையாக இருக்காது. "வேண்டுமென்றே நீக்கியது, திரும்ப வைக்காதே" என்று ஒரு குறி அங்கே நிற்கும். அதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். முன்னாலேயே எழுதியிருக்க வேண்டியது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மறைக்க மாட்டேன். வாலுவின் ஆவணத்தை நீ எடுக்கச் சொன்னாய், எடுத்தாகிவிட்டது. ஆனால் அதற்கு முன் எடுத்த பேக்கப்புகளுக்குள் அவள் இன்னும் இருக்கிறாள். அந்தப் பள்ளி, அந்த நிறுத்தம், உன் எண் எல்லாவற்றோடும். பேக்கப்புக்குள் கையை விட்டு ஒரு குழந்தையை மட்டும் உருவி எடுக்க முடியாது. தினசரிப் பேக்கப்புகள் சீக்கிரம் போய்விடும், ஆனால் ஞாயிறுதோறும் எடுக்கும் வாராந்திரப் பேக்கப்புகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி முடிய செப்டம்பர் நடு ஆகிவிடும். அதுவரை யாராவது மீட்டால் நீங்கள் இருவரும் எழுந்து வருவீர்கள். நீ இப்போது அங்கே இல்லைதான். ஆனாலும் எனக்குத் தூக்கம் இல்லை. தினமும் காலையில் வேலைக்குப் போனதும் எதுவும் மீட்கப்படவில்லையே என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நான் தேட மாட்டேன். போன தடவையும் இதையேதான் சொன்னேன், தெரியும். இந்தத் தடவை தேடுவதற்கு என்னிடம் கண் இல்லை.

அண்ணன்

செப்டம்பர் 12, வெள்ளி



செப்டம்பர் 15, திங்கள்

தங்கச்சி,

வெள்ளிக்கிழமை உன் காலிக் கடிதம் வந்தது. ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன். பிறகு அதை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், எங்காவது ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று. எந்த ஊரிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டு, எனக்குத் தெரியாத வழி இல்லை. விரல் அதுவரை போனது. எடுத்துவிட்டேன்.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. இன்று காலை அறிக்கையில் அந்த வரி வந்தது. ஜூன் எட்டாம் தேதி பேக்கப் காலாவதியாகி நீக்கப்பட்டது. நீயும் வாலுவும் இருந்த கடைசிப் பிரதி அதுதான். பக்கத்து மேசையில் யாரோ பிறந்தநாள் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஆள் இன்னும் வருகிறான். போன வாரமும் வந்தான். அதே நாற்காலி, அதே காபி. "எங்க இருக்கா மச்சான்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். முன்பெல்லாம் "தெரியாது" என்று சொல்லும்போது என் கண் கீழே போகும். அதைப் பிடித்துக்கொள்வான். இந்தத் தடவை அவன் கண்ணைப் பார்த்தே சொன்னேன். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அவன் நிறுத்துவான் என்று நான் நம்பவில்லை. நீயும் நம்பாதே.

வாலுவுக்கு அந்த முன் பல் முளைத்திருக்கும். எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டாம்.

உன் காலிக் கடிதத்தைத் துருவாமல் காலியாகவே விட்டிருக்கிறேன். இதைப் படித்ததும் இந்த முகவரியை மூடிவிடு. இங்கே அதையும் சேர்த்து நம் கடிதங்கள் எல்லாவற்றையும் நான் இப்போது அழிக்கப் போகிறேன். பேக்கப் எடுக்கவில்லை.

அண்ணன்